சென்னையில் ஒரு ஞாயிறு: கடற்கரையா, கிண்டியா, வண்டலூரா?

எங்கள் வீட்டில் ஐந்து பேர். மூட்டுவலியோடு நடக்கும் அம்மா, கணவர், பத்து வயது மகள், ஆறு வயது மகன், நான். குடியிருப்பது பெரம்பூரில். எனக்குச் சனிக்கிழமையும் அரை நாள் வேலை உண்டு என்பதால், வார இறுதி என்று கையில் கிடைப்பது ஒன்றரை நாள்தான். அதிலும் துணி துவைப்பது, வாரத்துக்கு மாவு அரைப்பது, பிள்ளைகளின் வீட்டுப்பாடம் எல்லாம் போக, வெளியில் சென்று காற்று வாங்க மிஞ்சுவது நான்கைந்து மணி நேரம். அந்த நேரத்தை எங்கே செலவிடலாம் என்று மூன்று ஆண்டுகளாக ஒவ்வோர் இடமாகப் போய்ப் பார்த்திருக்கிறோம். அந்த அனுபவத்திலிருந்து எழுதும் ஒப்பீடு இது. வணிக வளாகங்களை இதில் சேர்க்கவில்லை. வாரம் முழுவதும் கூரைக்குக் கீழே இருந்துவிட்டு, ஞாயிறன்றும் வானம் தெரியாத இடத்துக்குப் போவதில் எனக்கு விருப்பமில்லை.

இத்தகைய ஒப்பீடுகள் பொதுவாக இடத்தின் அழகிலிருந்து தொடங்கும். ஓய்வுக்காகப் போகிறவருக்கு அது முதல் கேள்வியாக இருக்க முடியாது என்பது என் கருத்து. போக வர ஆகும் நேரம், அங்கே இருக்கப்போகும் நேரத்தைவிடக் கூடினால் களைப்புதான் மிச்சம். அடுத்தது வெயில். மார்கழி, தை மாதங்களை விட்டால், காலை ஒன்பதரைக்கும் மாலை நான்கரைக்கும் இடையே சென்னையில் நிழலில்லாத எந்த இடமும் பிள்ளைகளுக்கும் முதியவர்களுக்கும் தண்டனையாகிவிடும். மூன்றாவது கேள்வியைப் பெரும்பாலானோர் கேட்பதே இல்லை: இந்த உலாவுக்காக வீட்டில் யார் முன்னதாக எழுந்து வேலை செய்கிறார்கள்? ஐந்து பேருக்குப் புளியோதரையும் தயிர்சாதமும் கட்டி, தண்ணீர் பாட்டில்களை நிரப்பி, திரும்பி வந்ததும் அத்தனை பாத்திரங்களையும் துலக்குகிறவருக்கு அந்த ஞாயிறு ஓய்வு நாளே ஆகாது. நான்கு பேர் இளைப்பாற ஒருவர் உழைக்கும் உலாவை நல்ல உலா என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

எவரைக் கேட்டாலும் முதலில் மெரினாவைத்தான் சொல்வார்கள். 1880-களில் ஆளுநராக இருந்த கிராண்ட் டஃப் இங்கே நடைபாதை அமைத்து, மெரினா என்ற பெயரையும் சூட்டினார். அதற்குச் சில ஆண்டுகள் முன்பு துறைமுகம் கட்டத் தொடங்கியதிலிருந்தே, தெற்கிலிருந்து வடக்கு நோக்கிக் கடலோட்டம் கொண்டுவரும் மணல் துறைமுகச் சுவரில் தடுக்கப்பட்டு, அதன் தென்புறத்தில் சேர்ந்துகொண்டே வந்தது. இன்று நாம் காணும் அகன்ற மணல்வெளி அப்படி உண்டானது. வடபுறத்தில் ராயபுரம், திருவொற்றியூர்க் கரைகளோ மணல் வரத்து நின்று அரிக்கப்பட்டன. வடசென்னைக்காரர்களாகிய நாங்கள் மணலில் உட்கார்ந்து கடல் பார்க்கத் தெற்கே பேருந்து ஏறுவதற்கும் இதற்கும் தொடர்பு உண்டு. உலாவுக்குப் போகிறவர் இந்தப் பழங்கதையைத் தெரிந்துகொள்ள வேண்டியதற்கு ஒரு காரணம் இருக்கிறது: சாலையோர நடைபாதையிலிருந்து அலை வரை, சில இடங்களில் முந்நூறு மீட்டருக்கும் மேல் கால் புதையும் மணலில் நடக்க வேண்டும்.

அம்மாவால் அது முடியாது. முதல் இரண்டு முறையும் நடைபாதைச் சுவரிலேயே அமர்ந்துகொண்டு, "நீங்க போயிட்டு வாங்க, நான் பையைப் பாத்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டார். நாங்கள் அலையில் கால் நனைத்துவிட்டுத் திரும்பும்வரை அவர் பார்த்துக்கொண்டிருந்தது காமராசர் சாலையின் வாகனங்களை. 2022 நவம்பரில் மாற்றுத்திறனாளிகளுக்காக மணலின் மீது மரத்தாலான பாதை ஒன்றை மாநகராட்சி திறந்தது. அடுத்த மாதமே மாண்டஸ் புயலில் அது சேதமடைந்து, பிறகு செப்பனிடப்பட்டது. அந்தப் பாதையில் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு அம்மா கடல் பக்கம் நடந்து போன மாலையை நான் மறக்கவில்லை. சக்கர நாற்காலியில் வருகிறவர்களுக்கு வழிவிட்டு ஓரமாக நின்றபடி, வெகுநேரம் அலையையே பார்த்துக்கொண்டிருந்தார். முதியவர்களோடு மெரினாவுக்குப் போகிறவர்கள் அந்தப் பாதை இருக்கும் பகுதியிலேயே இறங்கிக்கொள்வது நல்லது.

மெரினாவின் பலம் அதன் மாலை நேரம். கோடையில் பிற்பகலில் கடற்காற்று உள்ளே வரத் தொடங்கியதும், நகரின் பிற பகுதிகள் புழுங்கிக்கொண்டிருக்க, இங்கே முந்தானை பறக்கும். மரக்கட்டையில் மாங்காயைச் சன்னமாகச் சீவி, தேங்காய்ப் பல்லும் பட்டாணிச் சுண்டலும் கலந்து, காகிதப் பொட்டலத்தில் இட்டு நீட்டுவார்கள். மிளகாய் பஜ்ஜியை எண்ணெயிலிருந்து எடுத்த சூட்டிலேயே வாங்கலாம். கட்டுச்சோறு கட்டும் வேலை இல்லாமல் போவதால், என் மூன்றாவது கேள்விக்கு மெரினா நல்ல விடை. ஞாயிறு மாலைக் கூட்டம்தான் இடர். இரண்டு பிள்ளைகளையும் விட்டுக் கண்ணை எடுக்க முடியாத இடத்தில் பெற்றோருக்கு இளைப்பாறுதல் ஏது? காணும் பொங்கலன்று காவல்துறையினர் குழந்தைகளின் கையில் தொலைபேசி எண் எழுதிய பட்டை கட்டி அனுப்பும் அளவுக்குக் கூட்டம் சேரும். அந்த ஒரு நாளில் வேறு எங்கு வேண்டுமானாலும் போகலாம்.

பெசன்ட் நகர்க் கடற்கரையை இதனோடு வைத்துப் பார்க்கையில், எங்கள் வீட்டுக்கு அது தொலைவு. ஆனாலும் பெரம்பூரிலிருந்து 29சி பேருந்து நேராக அங்கே கொண்டுபோய் விடுகிறது, மாற வேண்டியதில்லை. 2021 மே மாதம் தொடங்கி, சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்பதால், அத்தகைய பேருந்து வந்தால் எங்கள் ஐவரில் பெரும்பாலோருக்குப் பயணச்சீட்டே எடுக்க வேண்டியிருக்காது. மாலையில் ஒன்றரை மணி நேரம் பிடிக்கும் இதே வழி, ஞாயிறு விடியலில் சாலை வெறிச்சோடியிருப்பதால் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். மணல் மெரினா அளவுக்கு அகலமில்லை. அம்மா நடுவில் ஒருமுறை நின்று மூச்சு வாங்கிக்கொண்டு ஈர மணல் வரை வந்துவிடுகிறார்.

விடியலில் அந்தக் கரை வேறு இடம்போல இருக்கிறது. வடக்கே ஊரூர்க் குப்பத்துப் படகுகள் கரையேறிக்கொண்டிருக்கும்; வலையில் சிக்கிய நண்டுகளை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கூடையில் போட்டுக்கொண்டிருப்பார்கள். ஈர மணலில் நண்டு வளைகளைச் சுற்றி மிளகளவு மணல் உருண்டைகள் கோலப்புள்ளி போலப் பரவிக் கிடக்கும். என் மகன் அவற்றை மிதிக்காமல் தாண்டித் தாண்டி நடப்பதையே ஒரு விளையாட்டாக்கிக்கொண்டான்; அரை மணி நேரம் அதிலேயே போகிறது, அதற்கு எந்தக் கட்டணமும் இல்லை. கரையில் நிற்கும் வெள்ளை வளைவு, 1930-இல் பிறரைக் காப்பாற்றப் போய் நீரில் மூழ்கி இறந்த டென்மார்க் மாலுமி கார்ல் ஷ்மிட்டின் நினைவுச் சின்னம். பிள்ளைகளை அதன் அருகில் நிறுத்தி, நீச்சல் தெரிந்தவரையும் இந்தக் கடல் இழுத்துக்கொள்ளும் என்று சொல்லியிருக்கிறேன். கணுக்காலுக்கு மேல் தண்ணீர் கூடாது என்பது எங்கள் விதி. மெரினாவிலும் அதே விதிதான். ஜனவரி தொடங்கி இந்தக் கரைக்குப் பங்குனி ஆமைகள் முட்டையிட வரும். 1988 முதல் மாணவர் குழு ஒன்று இரவுகளில் கரை நெடுக நடந்து அந்த முட்டைகளைச் சேகரித்துக் காத்துவருகிறது. வார இறுதி இரவுகளில் பொதுமக்களும் உடன் நடக்கலாம். பல கிலோமீட்டர் மணலில் நடக்க வேண்டியிருப்பதால், ஆறு வயதுக் குழந்தைக்கு அது இப்போது தோதில்லை. மகளை அடுத்த ஆண்டு அழைத்துப் போக எண்ணியிருக்கிறேன்.

இரண்டு கடற்கரைகளுக்கும் நடுவே தேர்ந்தெடுக்க வேண்டுமென்றால், காலைக்குப் பெசன்ட் நகர், மாலைக்கு மெரினா என்று தயங்காமல் சொல்வேன். கிழக்கு பார்த்த கடல் என்பதால் விடியலின் பலன் முழுவதும் இங்கே உண்டு. ஜனவரியில் ஆறரை மணியளவிலும் ஜூனில் ஆறு மணிக்கு முன்பும் சூரியன் எழுகிறது. எனவே ஜனவரிதான் சோம்பேறிகளுக்கும் குழந்தைகளுக்கும் உகந்த மாதம்.

கடலை விட்டுக் காட்டுப் பக்கம் திரும்பினால், நகரத்துக்கு நடுவிலேயே கிண்டி இருக்கிறது. இரண்டே முக்கால் சதுர கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான பரப்பு. 1978-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. வெளிமானும் புள்ளிமானும் இயல்பாக வாழும் காடு ஒன்று இவ்வளவு பெரிய நகரத்துக்குள் எஞ்சியிருப்பது அரிது. பொதுமக்கள் எளிதாகச் செல்லக்கூடியது அதன் ஓரத்தில், சர்தார் பட்டேல் சாலையில் உள்ள குழந்தைகள் பூங்காதான். உட்காட்டுக்குள் விரும்பியபடி நுழைய முடியாது. இதை அறியாமல் காட்டில் நடக்கலாம் என்ற நினைப்போடு போகிறவர்கள் ஏமாந்து திரும்புகிறார்கள். நிழல் தாராளம், நடை குறைவு, ஆங்காங்கே உட்கார இருக்கைகள் உண்டு. பக்கத்திலேயே 1972-இல் ரோமுலஸ் விட்டேகர் தொடங்கிய பாம்புப் பண்ணை. சின்னமலை மெட்ரோ நிலையத்தில் இறங்கி ஆட்டோவில் போனால் சில நிமிடங்கள். காலை பத்து மணிக்குப் போனாலும் மர நிழலில் பன்னிரண்டு வரை இருக்க முடிகிற இடம் என்பதுதான் இதன் தனிச்சிறப்பு. விடியலில் எழுந்திருக்க முடியாத குடும்பங்களுக்கு நான் முதலில் சொல்வது கிண்டியைத்தான். இந்தச் சிறிய பரப்பை வைத்துக்கொண்டு வண்டலூரை எதிர்பார்க்கக் கூடாது. என் மகள் ஒன்றரை மணி நேரத்தில் எல்லாவற்றையும் பார்த்து முடித்துவிட்டாள். மகனோ ஊஞ்சலை விட்டு இறங்கவே இல்லை.

அடையாற்றில் பிரம்மஞான சபையின் தோட்டத்தை அமைதிக்காகவே போகும் இடம் என்பேன். 1882-இல் சபை இங்கே தலைமையிடத்துக்கு இடம் வாங்கியது. அங்குள்ள ஆலமரத்தின் மூலத் தண்டு 1989-இல் புயற்காற்றில் சாய்ந்தபோதும், விழுதுகளே தூண்களாகி மரத்தைத் தாங்கி நிற்கின்றன. ஞாயிறன்று பார்வையாளரை அனுமதிப்பதில்லை. சனிக்கிழமைகளிலும் காலையில் சிறிது நேரம், பிற்பகலில் சிறிது நேரம் என்றுதான். தின்பண்டம் இல்லை, ஓடி விளையாட இடமில்லை. குழந்தைகளோடு போனால் அவர்களை அடக்குவதிலேயே நேரம் போய்விடும். அம்மாவை மட்டும் அழைத்துக்கொண்டு ஒரு சனிக்கிழமை பிற்பகல் போயிருந்தேன். இருவரும் அதிகம் பேசவில்லை, பேச வேண்டும் என்றும் தோன்றவில்லை.

வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவைப் பற்றிப் பேசும்போது அளவை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்: அறுநூறு ஹெக்டேருக்கும் மேற்பட்ட பரப்பு. 1855-இல் எழும்பூர் அருங்காட்சியக வளாகத்தில் எட்வர்டு பால்ஃபர் தொடங்கி, பின்னர் சென்ட்ரல் அருகே இருந்து, 1985-இல் வண்டலூருக்குப் பெயர்ந்த பூங்கா இது. மிருகங்கள் குறுகிய கூண்டில் அடைபடாமல், அகழிக்கு அப்பால் மரங்களுக்கிடையே நடமாடுவதைப் பிள்ளைகள் பார்க்கட்டும் என்றால், சென்னையில் இதற்கு மாற்று கிடையாது. வெள்ளைப் புலி அகழியோரம் மெல்ல வந்து நின்று தண்ணீரை முகர்ந்தபோது, கைப்பேசியை நீட்டிக்கொண்டிருந்த கூட்டமே பேச்சை நிறுத்தியது. மகள் என் கையை இறுகப் பற்றிக்கொண்டாள். அந்தக் கணத்துக்காக அத்தனை தூரம் போனது தகும் என்று நினைக்கிறேன்.

ஆனாலும் வண்டலூரை வார இறுதி ஓய்வு என்ற கணக்கில் என்னால் வைக்க முடியவில்லை. பெரம்பூரிலிருந்து மின்ரயிலில் மூர் மார்க்கெட் வளாகம் வந்து, சாலையைக் கடந்து பூங்கா நிலையத்தில் தாம்பரம் வழி செங்கல்பட்டு வண்டியைப் பிடித்து வண்டலூரில் இறங்க இரண்டு மணி நேரம் ஆகிறது. ஞாயிறுகளில் வண்டிகளும் குறைவு. உள்ளே சுற்றுப்பாதை முழுவதையும் நடந்தால் பிள்ளைகளின் கால் ஓய்ந்துவிடும். பேட்டரி வண்டிக்குக் காத்திருக்கும் வரிசையும் நீளம். நுழைவுக் கட்டணம், வண்டிக் கட்டணம், மதிய உணவு எல்லாம் சேர்த்தால், கடற்கரைக்குப் பத்து முறை போய்வரும் செலவு ஒரே நாளில் ஆகிறது. இவற்றைவிடப் பெரிய சிக்கல் திரும்பி வருவது. ஞாயிறு மாலையில் தென்மாவட்டங்களுக்குப் போயிருந்தவர்கள் அனைவரும் ஜி.எஸ்.டி. சாலை வழியாகத்தான் நகருக்குள் திரும்புகிறார்கள். 2023 இறுதியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் வண்டலூருக்கு அருகிலேயே திறந்தபின், அந்த வட்டாரத்தில் பேருந்து நடமாட்டம் இன்னும் கூடியிருக்கிறது. ஒருமுறை காரில் வந்த உறவினர்களோடு மாலை ஐந்தரைக்குக் கிளம்பிப் பெருங்களத்தூரைத் தாண்டவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. மகன் பின்னிருக்கையில் வாந்தி எடுத்தான். ஆகவே வண்டலூருக்குச் சனிக்கிழமையில் போக வேண்டும், காலையில் கதவு திறக்கும்போதே உள்ளே இருக்க வேண்டும், மூன்று மணிக்குக் கிளம்பிவிட வேண்டும், ரயிலில்தான் போக வேண்டும். எனக்குச் சனிக்கிழமை அரை நாள் வேலை என்பதால், இது ஆண்டுக்கு ஒருமுறை விடுப்பெடுத்துச் செய்கிற காரியம். தாம்பரம், ஊரப்பாக்கம் பக்கம் குடியிருக்கிறவர்களுக்கு என் கணக்கு பொருந்தாது. அவர்களுக்கு வண்டலூர் பக்கத்து வீடு, பெசன்ட் நகர்தான் பயணம்.

கிழக்குக் கடற்கரைச் சாலையையும் இதே தராசில் வைக்கலாம். முட்டுக்காட்டுப் படகுத்துறை, 1976-இல் தொடங்கிய முதலைப் பண்ணை, 1984-இல் உலகப் பாரம்பரியச் சின்னங்களில் இடம்பெற்ற மாமல்லபுரம் என்று ஒரே சாலையில் பல நாட்களுக்கான விருந்து இருக்கிறது. ஒரே நாளில் அத்தனையையும் முடித்துவிட நினைப்பதுதான் பலரும் செய்யும் பிழை. மாமல்லபுரத்தின் பாறைகள் பத்து மணிக்கே சுடத் தொடங்கிவிடும்; அர்ச்சுனன் தபசுக்கு முன்னால் நின்று, யானைகளின் காலடியில் கிடக்கும் குட்டிகளையும், தவம் செய்வதுபோல் நிற்கும் பூனையையும் பிள்ளைகளே தேடிக் கண்டுபிடிக்கும் வரை காத்திருக்கப் பொறுமையும் நேரமும் வேண்டும். மார்கழியில் ஓர் இரவு அங்கே தங்க முடிந்தால் போகலாம். காலையில் போய் இரவில் திரும்பும் அவசரத்துக்கு அந்தச் சிற்பங்கள் தகுதிக்கு மீறியவை.

வேடந்தாங்கலுக்கும் ஏறத்தாழ இதுவே பொருந்தும். நவம்பர் முதல் மார்ச் வரை பறவைகள் நிறைந்திருக்கும் அந்த ஏரி நகரிலிருந்து எண்பது கிலோமீட்டர் அளவில் இருக்கிறது. பறவை எச்சம் கலந்த ஏரி நீர் வயலுக்கு உரமாகிறது என்று உணர்ந்த ஊர்மக்கள், பறவைகளைச் சுடக் கூடாது என்று வெள்ளையர் ஆட்சிக் காலத்திலேயே ஆணை வாங்கி வைத்தார்கள். அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லவே ஒருமுறை போக வேண்டும். ஆனால் ஞாயிறு ஓய்வுக்கு அன்று.

மிச்சமிருப்பது, யாரும் உலா என்று ஒப்புக்கொள்ளாத ஒன்று: நடந்தோ பத்து நிமிடப் பேருந்திலோ போய்ச் சேரக்கூடிய பேட்டைப் பூங்கா. மயிலாப்பூர்க்காரர்களுக்கு நாகேஸ்வரராவ் பூங்கா, அண்ணா நகர்க்காரர்களுக்கு 1968 வர்த்தகக் கண்காட்சிக்காக எழுந்த கோபுரத்தோடு நிற்கும் பூங்கா, எங்களுக்கு மேம்பாலத்தை ஒட்டிய முரசொலி மாறன் பூங்கா. பார்க்கப் பெரிதாக ஒன்றும் இருக்காது. ஆனால் என் மூன்று கேள்விகளுக்கும் முழு மதிப்பெண் பெறுவது இதுதான். பயண நேரம் இல்லை, வெயில் தாழ்ந்தபின் எந்தக் கணத்திலும் கிளம்பலாம், எதையும் சமைத்துக் கட்ட வேண்டாம், குழந்தைக்குத் தூக்கம் வந்தால் உடனே திரும்பலாம். ஒரே இடத்துக்கு மீண்டும் மீண்டும் போவதால் அம்மாவுக்கு அங்கே இரண்டு தோழிகள் கிடைத்திருக்கிறார்கள், அவர்களில் ஒருவர் வராத வாரம், "இன்னைக்கு ஏன் அவங்களக் காணோம்?" என்று வீடு திரும்பும்வரை கேட்டுக்கொண்டே வருவார். கடலோ காடோ அவருக்குத் தராத ஒன்றைச் சிமென்ட் இருக்கை தந்திருக்கிறது.

ஐப்பசி, கார்த்திகை மழை நாட்களுக்கும், சித்திரை, வைகாசியின் நடுப்பகலுக்கும் இவற்றில் எதுவும் உதவாது. அப்போது எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போகிறோம். அமராவதிச் சிற்பங்களையும் செப்புத் திருமேனிகளையும் பார்த்துவிட்டு, மழை விட்டதும் வளாகத்து மரங்களின் கீழ் நடந்து வரலாம்.

எங்கள் வீட்டு ஏற்பாடு இப்போது இப்படி நிலைபெற்றிருக்கிறது. வெள்ளமோ காய்ச்சலோ இல்லாத வாரங்களில் சனிக்கிழமை மாலை பேட்டைப் பூங்கா. மாதத்தில் இரண்டு ஞாயிறு விடியலில் பெசன்ட் நகர். விருந்தினர் வந்தால் மெரினா மாலை. பள்ளித் தேர்வு முடிந்ததும் கிண்டி. தை மாதத்தில் ஒரு சனிக்கிழமை வண்டலூர். விடியலில் போகும் நாட்களில் சமையல் கிடையாது என்பது கணவரும் நானும் பேசி வைத்துக்கொண்ட ஒப்பந்தம். திரும்பும் வழியில் அவர் இறங்கி இட்லியும் வடையும் வாங்கிக்கொள்வார். ஒன்பது மணிக்குள் வீட்டுக்கு வந்து, செருப்பிலிருந்து மணலைத் தட்டிவிட்டு, பொட்டலத்தைப் பிரித்து உட்காரும்போது, அடுத்த வீட்டில் அப்போதுதான் வாசல் தெளிக்கிறார்கள்.